எனக்குக் காய்ச்சல் இல்லை

‘சொட்டு மருந்து தீர்ந்துபோச்சும்மா, ஓடிப்போய் வாங்கிட்டு வந்திடுதேன், வந்ததும் கடைசி அத்தியாயத்தை எழுதி முடிச்சிடுவோம்’ என்று சொல்லிவிட்டு என் மகன் கிருபா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வண்டி தெருமுனையில் திரும்புகிற சத்தம் வரைக்கும் கேட்டேன். அதற்குப் பிறகு வீடுதான். மருமகள் ஹெப்சி டீச்சர், சனிக்கிழமையும் அவளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, அவள் போன பிறகு இந்த வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும். ஜன்னல் இருக்கிற பக்கம் ஒரு வெளுப்பு தெரிகிறது, அவ்வளவுதான் என் கண்ணில் மிச்சம். அந்த வெளுப்பில் ஏதோ அசைந்தால் வேப்பங்கிளை என்று வைத்துக்கொள்கிறேன், அது கொடியில் கிடக்கும் துண்டாகவும் இருக்கலாம், யாரிடம் கேட்பது, கேட்டால் கிருபாவிடம்தான் கேட்க வேண்டும், அவன் வேப்பங்கிளை என்று சொன்னால் வேப்பங்கிளை. கடைசி அத்தியாயம் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். நேற்றிலிருந்து கேட்டுவிடலாம், கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்து வந்து போகிறது. காலையில் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு என் கையில் வைத்தான், ‘காரமா இருக்காம்மா’ என்றான், அப்போதாவது கேட்டிருக்கலாம். இல்லை எய்யா, காரம் இல்லை என்றேன். காரம் இருந்தது. இப்படித்தான் என் வாயிலிருந்து பொய் வருகிறது, கேட்கிறவர் முகம் கோணக் கூடாது என்று. அந்தப் பெண்ணிடமும் அப்படித்தான். நல்லா இரும்மா என்றேன். பாவி, நல்லா இரும்மா என்றேன்.

நேற்று மத்தியானம் போன் வந்தது. நாகர்கோவிலில் எம்.ஏ. படிக்கிற பெண், பத்திரிகை ஆபீஸில் கேட்டு என் நம்பரை வாங்கினாளாம், முத்தரசி என்று பெயர் சொன்னாள். சலோமி தேவநேசன் அம்மாவா, நிஜமாவே நீங்களா என்று இரண்டு தரம் கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் இருக்கிற என் கதையைப் படித்த நாளிலிருந்து நான் எழுதியதை எல்லாம் தேடித் தேடிப் படிக்கிறாளாம், இப்போது பத்திரிகையில் வருகிற என் வாழ்க்கைத் தொடரை ஒரு வாரம்கூட விடவில்லையாம். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பழக்கம்தான், இருந்தாலும் கண் போன பிறகு குரல்கள் உள்ளே இறங்குகிற விதம் வேறு. ‘அம்மா, ஒரே ஒரு பகுதி வாசிக்கட்டுமா, எனக்கு மனப்பாடமே ஆயிட்டு’ என்றாள். வாசி என்றேன். என் எழுத்தை இன்னொருவர் குரலில் கேட்கிற ஆசை, எழுபத்தொன்பது வயதிலும் அது போகவில்லை. அவள் வாசித்தாள். ‘என் முதல் புத்தகம் மேடையில் வெளிவந்த நேரத்தில் நான் காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்காக அவர் போய்ப் பேசினார். திரும்பி வந்து விடிய விடிய என் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி உட்கார்ந்திருந்தார். அவர் தூங்கவில்லை. நான் தூங்கினேன்.’ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். இந்தப் பக்கம் நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ‘அம்மா, எனக்கு வீட்டுல மாப்பிள்ளை பாத்திருக்காங்க, காலேஜ்ல லெக்சரர், நல்லாப் பேசுவாங்க, கதை எழுதுறதெல்லாம் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைன்னு சொன்னாங்க, எனக்கு யோசனையாவே இருந்துச்சு, இதை வாசிச்ச பிறகுதான், பெரிய பேச்சாளரா இருந்தாலும் வீட்டுல இப்படி அன்பா இருப்பாங்கன்னு தோணுச்சு, சரின்னு சொல்லிட்டேம்மா.’ நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம் என்று கத்தியிருக்க வேண்டும். அது என் வாக்கியம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் நல்லா இரும்மா என்றேன், அவள் வைத்துவிட்டாள், அவள் நம்பர் என்னிடம் இல்லை.

நான் சொன்னது அதுவா? கிருபாவுக்கு நான் சொன்னது, இதே நாற்காலியில் உட்கார்ந்து, மழைக்காலம் தொடங்கின சமயம், ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்தி நான் சொன்னது அதுவா? அவன் தட்டி முடித்து எனக்கு வாசித்தும் காட்டினான். அந்த நிதானமான குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல், கணக்கு வாத்தியார் இல்லையா, விடையை வாசிப்பதுபோல வாசிப்பான். வாசித்தபோது நான் சொன்னதுதான் இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, அரிசி மூட்டை இருந்தது. இருந்ததா? நேற்று ராத்திரி படுத்தபடி அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கடைசி இரண்டு வாக்கியம் இருக்கிறதே, அவர் தூங்கவில்லை, நான் தூங்கினேன், அது நான்தான். நீளமாக ஒன்று சொல்லிவிட்டுச் சின்னதாக இரண்டு வெட்டு வெட்டுவது என் பழக்கம், விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாம் அதைத்தான் சொல்வார்கள். அப்படியானால் நான்தான் சொன்னேனா? மருந்து மயக்கத்தில் சொல்லியிருப்பேனா? ஒருவேளை எனக்குக் காய்ச்சல் இருந்ததா? ஐயோ, இதுதான் பயம். கண் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த நாளும் போய்விட்டதென்றால் நான் எங்கே போய் நிற்பேன்? நெற்றியில் ஈரத்துணி இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறேன், உடனே குளிர்கிறது, ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிகிறது. நினைத்தால் வந்துவிடுகிறது. நான் கதை எழுதுகிறவள், எதை நினைத்தாலும் எனக்கு வந்துவிடும். என் தொழிலே எனக்கு எதிரியாக நிற்கிறது.

இல்லை, ஒழுங்காக, முதலிலிருந்து. வெயில் தாழ்ந்த நேரம். ஊதாக் கரை போட்ட சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன், கொசுவம் சரியாக நிற்கவில்லை என்று இரண்டாம் தரம் கட்டினேன். கிருபாவுக்கு அப்போது எட்டு வயது, தலையில் எண்ணெய் வழிய வழிய வாசலில் நின்றான். அவர் வெள்ளைச் சட்டையில், மேடைக்குப் போகிற வாசனையோடு, கூடத்தில் நின்றார். பேராசிரியர் தேவநேசன் பேசுகிறார் என்றால் பாளையங்கோட்டையே கூடும், அன்று அவர் மனைவியின் புத்தகம், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். முந்தின நாள் புத்தகத்தை வாங்கிப் படித்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒரு கதையில் ஒரு கணவன் மேடையில் அழகாகப் பேசுவான், வீட்டில் பேசவே மாட்டான். அது நீங்கள் இல்லை என்று சொல்ல நான் வாக்கியமெல்லாம் தயாராக வைத்திருந்தேன், அவர் கேட்கவே இல்லை. ‘உள்ள என் மூக்குக் கண்ணாடிக் கூடு இருக்கும், எடுத்துட்டு வா சலோமி’ என்றார். அரிசி போட்டு வைக்கிற பின்னறை. அங்கே எதற்குக் கண்ணாடிக் கூடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன், அப்படி நினைத்ததுகூட நினைவிருக்கிறது. பின்னால் கதவைச் சாத்துகிற சத்தம். தாழ்ப்பாள் விழுந்தது. வேகமாக இல்லை, கோபமாக இல்லை, பெட்டியை மூடுவதுபோல மெதுவாக. ‘அம்மா வரலையாப்பா?’ என்று கிருபாவின் குரல். அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு வாடகைக் காரின் கதவு. நான் கத்தவில்லை. இதைத்தான் யாருக்கும் விளங்க வைக்க முடியாது. பக்கத்து வீட்டு ரோஸ்பாய் டீச்சர் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பாள், வந்து என்னைப் பார்த்திருப்பாள், புருஷன் பூட்டிவிட்டுப் போன பெண்ணை, புதுச் சேலையோடு. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பாடகர் குழு ஒத்திகை பார்க்கிற சத்தம் வந்தது, ஒரே வரியில் யாரோ தப்புப் பண்ண, நிறுத்தி நிறுத்தி மறுபடி பாடினார்கள். இருட்டினது. அந்தி வேளையில் பழைய அரிசிக்கு ஒரு வாசனை உண்டு, புழுவும் தவிடும் கலந்து, இப்போதும் எந்தக் கடையில் அது வந்தாலும் எனக்கு மூச்சு நிற்கும். இதெல்லாம் காய்ச்சலில் கிடந்தவளுக்கு வருமா? வருமா? திரும்பி வந்தார்கள். தாழ்ப்பாள் விலகியது. கிருபா அவர் காலுக்கு இடையில் நுழைந்து ஓடி வந்து, எம்பி, என் நெற்றியில் கையை வைத்தான். சின்னக் கை, எலுமிச்சம்பழ வாசனை, மேடையில் கொடுத்ததை வழியெல்லாம் உருட்டிக்கொண்டு வந்திருப்பான் போல. ‘சுடவே இல்லையேம்மா’ என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது அங்கே அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று. அவர் எனக்குப் போட வேண்டிய பொன்னாடையை என் கையில் கொடுத்து, ‘எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க’ என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். ராத்திரி நான்தான் தோசை வார்த்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு தாழ்ப்பாளே தேவைப்படவில்லை. ‘அவளுக்கு உடம்பு முடியலை’ என்ற ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது. மதுரையில் கூட்டமா, அவளுக்கு முடியலை. சென்னையிலிருந்து பேட்டி எடுக்க வந்திருக்கிறார்களா, வாசலிலேயே வைத்து, ரொம்ப முடியலை, நான் சொல்கிறேன் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு பிறகு எனக்கே முழங்கால் வலிப்பதுபோல, தலை சுற்றுவதுபோல. சலோமி தேவநேசன் நோயாளி என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி ஆயிற்று, படுக்கையில் கிடந்தபடி இத்தனை எழுதியிருக்கிறாளே என்று அதுவே எனக்குப் புகழாகவும் ஆயிற்று. அவர் என்னை அடித்ததில்லை. ஒரு சொல் தடித்துச் சொன்னதில்லை. இதை எதில் சேர்ப்பது, இதற்கு என்ன பெயர், பெயர் இல்லாததை எப்படிக் குற்றம் என்று சொல்வது. அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. கண்ணில் அழுத்தம் ஏறி ஏறி, ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வர ஆரம்பித்தபோதுதான் சொல்லிவிட வேண்டும் என்று வந்தது. பேனா பிடிக்க முடியாது. யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது கிருபா, ‘நான் எழுதுதேம்மா’ என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை என் புத்தகம் ஒன்றைக்கூட அவன் என் முன்னால் பிரித்துப் பார்த்ததில்லை. இந்த இரண்டு வருஷம், சனிக்கிழமை சனிக்கிழமை, நான் சொல்ல அவன் தட்ட, தட்டின பிறகு வாசித்துக் காட்ட, நானும் அவனும் இப்படி உட்கார்ந்ததே இல்லை. ஒரு சொல்லுக்காக நான் தவித்தால் அவன் காத்திருப்பான். அவசரப்படுத்த மாட்டான். சில சமயம் அவனே மெதுவாக ஒரு சொல் எடுத்துக் கொடுப்பான், அது சரியாக இருக்கும். அந்தப் பின்னறை அத்தியாயத்தைச் சொன்ன அன்று நான் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் தொடங்கினேன், அவன் அப்பா ஆயிற்றே, தாங்குவானா என்று. முழுக்கக் கேட்டான். தட்டினான். வாசித்துக் காட்டினான். எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தான். என் மகன் என்னை நம்புகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு நிம்மதியாக அந்தக் காப்பியைக் குடித்தேன்.

போன். சிகாமணிக்குப் போன் பண்ண வேண்டும். பத்திரிகை ஆசிரியர் சிகாமணியின் நம்பர் எனக்கு மனப்பாடம், என் பழைய கதைகளை முதலில் கேட்டு வாங்கிப் போட்டவர். கிருபா வருவதற்குள். எழுந்தால் இடது கைப் பக்கம் மேஜை, அதன் ஓரம், அதைப் பிடித்துக்கொண்டே போனால் போன். ஐந்தாம் எண்ணில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதிலிருந்து மற்றதைத் தடவிக் கண்டுபிடிப்பேன். ஒரு தரம் எண் மாறிப் போய் யாரோ ஓட்டல்காரர் எடுத்தார். மறுபடி. மணி அடிக்கிறது. என் வீட்டிலேயே நான் திருடிபோல வாசலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். ‘அம்மா! வணக்கம்மா, நீங்களே பேசுறீங்களா, எவ்வளவு சந்தோஷம்’ என்றார் சிகாமணி. சொன்னேன். பின்னறை அத்தியாயம் நான் சொன்னபடி வரவில்லை, அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, என்னைப் பூட்டி வைத்திருந்தார், அதைத் திருத்திப் போட வேண்டும், முடிந்தால் இந்த வாரமே. ‘ம், ம்’ என்று கேட்டுக்கொண்டார். பிறகு குழந்தையிடம் பேசுகிற குரலில், ‘அம்மா, நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க’ என்றார். இல்லை சிகாமணி, நான் தெளிவாகத்தான் பேசுகிறேன். ‘தெரியும்மா, தெரியும். கிருபா சார் போன மாசமே சொன்னார். அம்மாவுக்கு இப்போ ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது, போன் பண்ணி ஏதாவது மாத்திச் சொன்னாங்கன்னா மறுத்துப் பேச வேண்டாம், சரின்னு கேட்டுக்குங்கன்னு. அவர் உங்களை எப்படிப் பாத்துக்கிறார், எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஆச்சரியம். உங்களுக்குத் தெரியுமாம்மா, மொத்தத் தொடர்லயும் அந்த அத்தியாயத்துக்குத்தான் அதிகமா வாசகர்கள் எழுதியிருக்காங்க.’ நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. ‘கடைசி அத்தியாயமும் பிரமாதம்மா’ என்றார், ‘படிச்சிட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். நேத்தே அச்சுக்குப் போயிடுச்சு. புத்தகத்துக்கும் தயார் பண்றோம்.’ கடைசி அத்தியாயமா? ‘ஆமாம்மா, கிருபா சார் போன வாரம் அனுப்பினாரே.’ நான் சரி என்றேன். சந்தோஷம் என்றேன். வைத்துவிட்டேன். சரி, சந்தோஷம், நல்லா இரும்மா, காரம் இல்லை எய்யா.

போன மாசமே. நான் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே. நான் ஒருநாள் கண்டுபிடிப்பேன், கண்டுபிடித்தால் சிகாமணியைத்தான் கூப்பிடுவேன், எல்லாம் யோசித்திருக்கிறான். என்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அவருக்குக்கூட என்னை இவ்வளவு தெரியாது. அவர் என் உடம்பைத்தான் முடியாது என்று சொன்னார், இவன் என் நினைவையே முடியாது என்று சொல்லிவிட்டான். இனி நான் யாரிடம் எதைச் சொன்னாலும், மேடை ஏறிச் சொன்னாலும், பாவம் அந்த அம்மாவுக்கு இப்போது அப்படி என்று தலையை ஆட்டிக் கேட்பார்கள். கடைசி அத்தியாயம் போய்விட்டது, ஆனாலும் இன்று வந்து என் முன்னால் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லத் தட்டியிருப்பான், அந்தக் குரலில் வாசித்தும் காட்டியிருப்பான், நல்லா இருக்கும்மா என்று சொல்லியிருப்பான். யாருக்காக? எனக்காக. கிழவி மனசு நோகக் கூடாது என்று.  எத்தனை சனிக்கிழமை இப்படி? என் அம்மா செத்த அத்தியாயம் போயிற்றா, நான் இரண்டாவது பிள்ளையை இழந்ததைச் சொன்னேனே, அது எப்படிப் போயிற்று, எதை வைத்தான், எதை எடுத்தான்? வெளியே உலகத்தில் ஒரு சலோமி தேவநேசன் நடமாடிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அவளைத் தெரியாது. வண்டிச் சத்தம். கேட் திறக்கிறது. நாற்காலிக்குப் போக வேண்டும், மேஜை ஓரம், ஓரம், இதோ.

‘கூட்டம்மா மெடிக்கல்ல’ என்று சொல்லிக்கொண்டே வந்தான். மருந்துப் பெட்டியைப் பிரிக்கிற சத்தம். ‘என்னம்மா இப்படி வேர்த்திருக்கு, ஃபேனைப் போடலையா?’ துண்டால் என் கழுத்தைத் துடைத்தான். மெதுவாகத்தான் துடைத்தான், எப்போதும்போல. தலையைப் பின்னால் சாய்த்து, இடது கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தான். ‘சிகாமணிகிட்டப் பேசினேன்’ என்றேன். கை நிற்கவில்லை. ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த கண்ணிலும் விழுந்தது, குளிர்ந்து, பிறகு எரிந்தது. மூடியைத் திருகுகிற சத்தம். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான், அவன் முழங்கால் என் முழங்காலில் இடித்தது, விலக்கிக்கொண்டான். ‘எனக்கு ஞாபகம் தடுமாறுதாம்லா’ என்றேன். ‘அப்படிச் சொல்லலைம்மா. வயசாகுதுன்னு சொன்னேன்.’ அப்போது என்னால் கோபப்பட முடியவில்லை. கோபத்தைவிடப் பெரியதாக ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது, அதைத்தான் முதலில் கேட்டாக வேண்டும். ‘கிருபா, அன்னைக்கு நீ முன்வரிசையில உக்காந்திருந்தே. அப்பா மேடையில என்ன சொன்னாங்க?’ ஃபிரிட்ஜ் ஓடி நின்றது. ‘சொல்லு எய்யா.’ ‘அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க.’ ‘எனக்குக் காய்ச்சலா?’ அவன் மூச்சு விடுவது கேட்டது. ஐம்பது தாண்டிய ஆள், இளைக்கிறது. ‘இல்லம்மா’ என்றான். ‘உங்களுக்குக் காய்ச்சல் இல்ல.’

கர்த்தாவே, எனக்குக் காய்ச்சல் இல்லை. அந்தப் பின்னறை இருந்தது, அரிசி வாசனை இருந்தது, தப்புத் தப்பாகப் பாடின அந்த வரி இருந்தது. என் தலைக்குள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. மருந்து எரிந்து வழிந்தது, அதோடு சேர்ந்து இதுவும் வழிந்தது, துடைக்கவில்லை. ஒருத்தன் என் கழுத்தை அறுத்துவிட்டு, ஆமாம் நான்தான் அறுத்தேன் என்று சொல்கிறான், அதற்கு நான் நன்றி சொல்லப் போகிறேனா? ‘அப்ப அந்த ஈரத்துணி எங்கயிருந்து வந்துது?’ என்று கேட்டேன். ‘எனக்குப் போட்டதும்மா’ என்றான். ‘டைபாய்டு வந்துச்சுல்லா, ஆறாப்பு படிக்கும்போது. நீங்க நாள் பூரா பாத்துட்டு அசந்து தூங்கிட்டீங்க. அப்பாதான் விடிய விடிய இருந்தாங்க. நான் முழிச்சு முழிச்சுப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் இருந்தாங்க.’ அதுவும் உண்மைதான். வாளியில் துணி பிழிகிற சத்தம் எனக்கும் தூக்கத்தில் கேட்டது. அவனுக்குக் கிடைத்ததை எடுத்து எனக்குப் போட்டிருக்கிறான். ‘நீங்க சொன்னது பொய்னு நான் சொல்லலை’ என்றான், குரல் உயர்ந்தது, அவன் என்னிடம் குரல் உயர்த்துவதே இல்லை. ‘ஆனா நீங்க எழுதினா அது நிக்கும்மா. நம்ம எல்லாரும் போன பிறகும் நிக்கும். அப்பா பேசினதெல்லாம் காத்தோட போயிட்டு, ஒரு கேசட்டுகூட மிச்சமில்ல. இனி நூறு வருஷம் கழிச்சு யாராவது அப்பாவைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா உங்க எழுத்துல உள்ளதுதான். அவுங்களுக்காக எழுத யாரு இருக்கா?’ ‘எனக்காக யாரு இருந்தா?’ என்றேன். ‘உங்களுக்கு நீங்க இருந்தீங்களேம்மா’ என்றான்.  

‘கடைசி அத்தியாயத்தை வாசி’ என்றேன். ‘இப்பவா?’ ‘நீ அனுப்பினதை வாசி.’ லேப்டாப்பைத் திறக்கிற சத்தம், அது விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம், எங்கோ இரண்டு தட்டு. வாசித்தான். அந்தப் பழைய வாசிப்புக் குரல் இல்லை இது. முதல் தடவையாக அது வாக்கியத்துக்கு வாக்கியம் ஏறி இறங்கியது. ‘என் கதைகளில் வரும் பெண்கள் ஏன் வீட்டை விட்டுப் போவதே இல்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். விட்டுப் போக வேண்டிய வீடு எனக்கு அமையவில்லை. அவர் இறந்த அன்று மழை பெய்தது. கொடியில் அவர் சட்டை கிடந்தது. நான் எடுக்கவில்லை. நனையட்டும் என்று விட்டேன்.’ நிறுத்தினான். அவ்வளவுதான் முடிவு. சட்டை கிடந்தது உண்மை. நான் எடுக்காததும் உண்மை. அவன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான், துக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறான். நான் அங்கே நின்று என்ன நினைத்தேன் என்று எனக்குத்தானே தெரியும், இனி அந்தச் சட்டையை நான் தோய்க்க வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் வாக்கியம் எப்படி இருக்கிறது பார், என் துக்கத்துக்கும் பொருந்தும், என் விடுதலைக்கும் பொருந்தும், ஒரு சொல் அதிகம் இல்லை. இத்தனை சனிக்கிழமையும் என் எதிரே உட்கார்ந்து இவன் எழுதக் கற்றிருக்கிறான். எனக்குச் சீடர்கள் யாரும் இல்லை என்று பேட்டிகளில் சொல்வேன். எழுதக் கற்றதும் முதல் வேலையாக என்னைத்தான் எழுதி முடித்தான்.

‘நல்லா இருக்கு’ என்றேன். நெஞ்சறிந்துதான் சொன்னேன், எழுத்தில் நான் பொய் சொன்னதில்லை. ‘நிஜமாவாம்மா?’ என்றான். அந்தக் குரல்! பரீட்சைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்கிற குரல். இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தானோ. இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தைப் பிடித்து நிறுத்தினேன். ‘நிஜமாத்தான். அதனால என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டுக்கோ.’   ‘அது எப்படிம்மா முடியும்?’ ‘நீ எழுதினது. உன் பேர் இருக்கட்டும். உன் அப்பாவைப் பத்தி நீ எழுது, யாரு தடுக்கா? என் பேரை விட்டுடு.’ ‘என் பேரைப் போட்டா யாரும்மா வாசிப்பா?’ என்று கேட்டான். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டான். ‘இன்னொண்ணு’ என்றேன். ‘நேத்து முத்தரசின்னு ஒரு பொண்ணு பேசினா. நாகர்கோவில்காரி. பத்திரிகை ஆபீஸ்ல கேட்டா நம்பர் தருவாங்க. நீயே போட்டுக் கொடு, நான் அவகிட்டப் பேசணும். கல்யாணத்துக்கு முன்ன பேசணும். இதை மட்டும் செய் எய்யா, வேற எதுவும் கேக்க மாட்டேன்.’ லேப்டாப்பை மூடினான்.  தெருவில் கீரைக்காரி போனாள். பிறகு அவன் சொன்னான். ‘சரிம்மா. பேரை எடுத்திடச் சொல்லுதேன். அந்தப் பிள்ள நம்பரையும் சாயங்காலம் வாங்கிப் போட்டுத் தாரேன்.’ ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. நிதானமாக, தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. இரண்டு வருஷமாக என் வாக்கியங்களை எனக்கு வாசித்துக் காட்டின அதே குரல். அவன் எழுந்தான். இரண்டாவது மருந்தின் மூடியைத் திறந்தான். என் தாடையைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினான், விரல் இதமாக இருந்தது. வலது கண்ணில் ஒரு சொட்டு, இடது கண்ணில் ஒரு சொட்டு. ‘கண்ணை மூடிக்கோங்கம்மா’ என்றான். ‘நான் சொல்லுத வரைக்கும் திறக்காதீங்க.’ மூடிக்கொண்டேன்.